ஜாவாச் செய்நிரலும் அதன் தொடக்கியும்

கணினிச் செய்நிரல்களுட் சில, பொறி நேரே உணரும் கட்டளைகளாய் அமைவன. வேறு சில, தம்மைப் பொறிக்கு உணர்த்தும் இடையாளை வேண்டி நிற்பன. ஜேம்ஸ் கொஸ்லிங் முதலானோர் உருவாக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாவா மொழி இரண்டாம் வகையினது. அம்மொழியில் எழுதிய செய்நிரல் பைட்கோட் எனும் இடைநிலை வடிவம் பெறும். அதனை ஜாவா மெய்நிகர்ப் பொறி என்னும் மென்பொருளே இயக்கும். ஆதலின் ஒரே செய்நிரல் விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூவகைக் கணினியிலும் இயங்கவல்லது. எனினும், மெய்நிகர்ப் பொறி இல்லாத கணினியிலும், பழைய பதிப்பே உள்ள கணினியிலும் அது பயனற்றுக் கிடத்தலும் உண்டு. கற்றவன் இயற்றியதைக் கல்லாதவனும் எளிதில் இயக்குதற்கு ஒரு தொடக்கி வேண்டும். அத்தொடக்கியின் இரு வகைகளை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, ஷெல் கட்டளைக் கோப்பு. லினக்ஸ் போன்றவற்றில் சில வரிகளாலாய இக்கோப்பு, ஜாவா இருக்குமிடத்தைக் கண்டு, நினைவக அளவைக் குறித்து, செய்நிரலின் பகுதிகளை ஒருங்கே கட்டிய ஜார் கோப்பினை இயக்கும். இதனை எழுதுவோர் இரண்டினை மறத்தலாகாது. பயனர் தரும் உள்ளீடுகளை மேற்கோட் குறிக்குள் இட்டே செலுத்துதல் வேண்டும். இன்றேல் இடைவெளியுள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடைபடும். இறுதிக் கட்டளையின் முன் 'எக்செக்' என்னும் சொல்லை இடுதல் வேண்டும். அப்பொழுது ஷெல் தன்னிடத்தை ஜாவாவுக்கே விட்டு விலக, நிறுத்தற் சைகை நேரே செய்நிரலை அடையும். அச்சொல் இல்லையேல், சைகை பெற்ற ஷெல் மட்டும் மடிய, செய்நிரல் எவருமறியாது ஓடிக்கொண்டிருத்தலும் கூடும்.

இரண்டாவது, அவ்வக் கணினிக்கே உரிய இயங்கு கோப்பு. விண்டோஸில் லோஞ்ச்4ஜே என்னும் கருவி, ஜார் கோப்பினை இத்தகைய உறையுள் அமைத்துத் தரும். தகுந்த ஜாவா இல்லையாயின் அவ்வுறை பயனருக்கு அதனை அறிவிக்கும். ஜேபக்கேஜ் என்னும் கருவியோ மெய்நிகர்ப் பொறியையும் உடன் கட்டித் தருவது. 2020இல் ஜாவா 14உடன் பரீட்சார்த்தமாக வந்து, 2021இல் ஜாவா 16இல் நிலைபெற்றது.

இவ்வசதிக்கும் விலையுண்டு. பொதி பருக்கும், ஒவ்வொரு முறைமைக்கும் அவ்வம் முறைமையிலேயே தனித்தனி ஆக்கவேண்டும். உடன் கட்டிய மெய்நிகர்ப் பொறியிற் பாதுகாப்புக் குறை வெளிப்படின், ஆக்கியோனே புதுப்பொதி வழங்கவேண்டும். கணினியிலுள்ள ஜாவாவைப் புதுப்பித்தல் அதனைக் காவாது.

ஆதலின், பயிற்சியுள்ளோர் பேணும் வழங்கிகளுக்குக் கட்டளைக் கோப்பும், ஜாவாவின் பெயரையே அறியாத எழுதுவினைஞரின் மேசைக்கு உடன் கட்டிய பொதியும் ஏற்றவை என்பது நம் துணிபு. மாணவர்கள் செய்நிரலை எழுதி முடித்தலோடு அமையாது, பிறர் கணினியில் அதனைத் தொடக்கியும் பார்ப்பார்களாக. அதன்பின்னரே அப்பணி நிறைவெய்தும்.