நகர மறுக்கும் அம்பாசிடர்!

தாத்தா ஆசையோடு ஓட்டிய அம்பாசிடர் கார். பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் ஓடுகிறது. கியரும் விழுகிறது. ஆனால், பின்சக்கரம் அசையவில்லை!

காரணம் என்ன?

பின்சக்கரத்துக்குள் "பிரேக் டிரம்" என்ற இரும்புச் சட்டி இருக்கிறது. அதனுள் பிறை வடிவில் இரண்டு "ஷூ"க்கள். கை பிரேக்கைப் போட்டால் அவை விரிந்து சட்டியை அழுத்தும். அப்படியே பல மழைக்காலம் விட்டுவிட்டால், ஈரம் புகுந்து துருவேறி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இழுக்காதீர்கள்!

வேறு வண்டியில் கட்டி இழுத்தால் ஷூவின் பட்டை பிய்ந்துவிடும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பினால் உயிருக்கே ஆபத்து!

சக்கரத்தைக் கழற்றுங்கள். கை பிரேக்கை விடுவித்து, ஷூவின் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களை எடுங்கள். டிரம்மின் நடுவிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு பொறுங்கள்.

மறுநாள் மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். மெல்ல மெல்லப் பிடி விடும். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் டிரம் விரிசல் விடும்.

தூசியில் எமன்!

பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஊதாதீர்கள். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

எண்ணெய் பட்ட பட்டையை மாற்றிவிடுங்கள். நல்ல மெக்கானிக் பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்கு வாருங்கள்.

2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. இருக்கும் கார்கள் இன்னும் ஓடலாம். ஆனால், ஓடாத காரால் யாருக்கும் கேடில்லை. நிற்காத காரால்தான் ஆபத்து!