சேலம் கணக்கும் சீனக் கணக்கும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அவற்றை ஆளச் சென்னையில் வருவாய் வாரியம் ஒன்று தயாராக இருந்தது. 1786இல் அமைத்த வாரியம் அது. நாமக்கல் பக்கத்தில் எந்தக் காடு யாருடையது, அது என்ன தீர்வை தாங்கும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மைய அரசு என்றதும் அமைச்சர்களையும் துறைகளையும் எண்ணத் தொடங்குகிறோம். ஆண்டுதோறும் கீழிருந்து ஏறி வரும் கணக்கும், அதை எழுதாத இன்னொருவர் அதைச் சோதிப்பதும் இல்லாவிட்டால் அந்தத் துறைகள் வெறும் நாற்காலிகள்தான் என்பது என் வாதம்.

இதற்குப் பழைய சான்று சீனத்தில் இருக்கிறது. கி.மு. 221இல் சின் பேரரசர் அந்நாட்டை ஒன்றாக்கி 36 மாவட்டங்களாகப் பிரித்தார். தலைநகரில் தலைமை அமைச்சர், அதிகாரிகளைக் கண்காணிப்பவர், படைத்தலைவர் என மூவர். அவர்களுக்குக் கீழே ஒன்பது அமைச்சர்கள். அடுத்து வந்த ஹான் மரபும் இந்த அமைப்பையே பெரும்பாலும் வைத்துக்கொண்டது. பாடநூல்கள் இந்த அடுக்கோடு நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப்படுவது, வட்டத்திலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து தலைநகருக்கும் ஆண்டுதோறும் போன கணக்கு. 1993இல் யின்வான் என்ற இடத்தில் ஹான் கால அதிகாரி ஒருவரின் கல்லறையில் அப்படிப்பட்ட கணக்குப் பலகைகள் கிடைத்தன. தோங்ஹாய் என்ற ஒரே மாவட்டத்தில் 2,66,290 குடும்பங்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

சேலத்தில் இந்த வேலையைத் தொடங்கியவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குத் துணையாக மன்றோ, கிரஹாம், மக்லியோட் மூவரும் வந்தார்கள். நிலத்தை அளந்தார்கள், கிராமக் கணக்கரான கர்ணத்தின் ஏட்டையும் வயலையும் ஒப்பிட்டார்கள், குடியானவனுக்கு நேரடியாகத் தீர்வை போட்டார்கள். ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவானது. ஆனால், 1802ஐ ஒட்டி மேலிடத்தின் எண்ணம் மாறியது. வங்காளத்தைப் பார்த்து நிலையான தீர்வைக்குப் போனார்கள். கிராமங்களைச் சேர்த்து மிட்டாக்களாக்கி ஏலம் விட்டார்கள். அரசுக்கும் குடியானவனுக்கும் நடுவே மிட்டாதார் வந்து நின்றார். வாரியத்துக்கு அவரைத் தாண்டி எதுவும் தெரியாமல் போனது. தீர்வை பாக்கியில் மிட்டாக்கள் பல மூழ்கி அரசிடமே திரும்பின. கணக்கை விட்ட மையம் வசூலையும் விட்டது. 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானபோது ரயத்துவாரியே மாகாணத்தின் பொதுமுறை ஆனது.

படைதானே ஆண்டது, கணக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். 1768இல் ஆங்கிலேயர் நாமக்கல் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் திப்புவின் தந்தை ஐதர் அலியிடம் இழந்தார்கள். கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. யார் வந்தாலும் வரி கேட்க அதே கர்ணத்தைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. கணக்கே பொய்யாக இருந்தால் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தோங்ஹாய் கணக்கில் 90 வயதைக் கடந்தவர்கள் மட்டும் 11,670 பேர்! அந்தக் காலத்து மருத்துவத்தை நினைத்தால் நம்ப முடியாத எண். மேலிடத்தை மகிழ்விக்க எழுதியது என்றே கருதுகிறேன். நம் கர்ணங்களும் எல்லாரும் உத்தமர்கள் அல்லர். ஆனால் இந்தப் பொய்தான் சோதிப்பவரின் தேவையைக் காட்டுகிறது. கி.மு. 106இல் ஹான் பேரரசர் வூ 13 வட்டாரங்களுக்குக் கண்காணிப்பாளர்களை நியமித்தார். நம்மூரில் அந்த வேலைக்கு ஜமாபந்தி என்ற ஆண்டுக் கணக்குத் தணிக்கை இருக்கிறது.

1980இல் தமிழக அரசு வருவாய் வாரியத்தை ஒழித்தது. அதே ஆண்டு நவம்பரில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளையும் ஒழித்தது. மேல்நுனியும் அடிநுனியும் ஒரே ஆண்டில் போயின. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. இத்தனைக்குப் பிறகும் பசலி என்ற வருவாய் ஆண்டு முடிவதை ஒட்டித் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. ஒரு தாலுகாவில் கலெக்டர், மற்றவற்றில் ஆர்.டி.ஓ. போன்றோர் உட்கார, கர்ணங்களின் இடத்துக்கு வந்த வி.ஏ.ஓ.க்கள் பயிர்க் கணக்கான அடங்கலையும் மற்றப் பதிவேடுகளையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். பட்டா கேட்டு வருபவர்களின் மனு வாங்கும் நாளாகவே பலர் இதை இன்று அறிவார்கள். மனுவும் வேண்டும்தான். ஆனால் அன்று முதலில் நடக்க வேண்டியது, பதிவேட்டை வரிவரியாகப் புரட்டி வயலோடு ஒப்பிடுவது.