காலையில் நிற்கிறதா, மதியம் நிற்கிறதா? பழைய கம்ப்யூட்டரின் நோயைக் கண்டுபிடிக்கும் வழி

கந்தகம் கலந்த காற்றில் வெள்ளிக் கொலுசு கறுக்கும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். இந்த இரண்டு காற்றும் சேர்ந்து வீசும் இடம் வடசென்னை. ராயபுரத்தில் துறைமுகமும் காசிமேடு மீன்பிடித் தளமும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் உரத் தொழிற்சாலை, அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி என்று வரிசையாக இருக்கின்றன. 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனாலும் செப்பாக்கம் பக்கம் போனால் சாம்பல் குளத்துத் தூசி கண்ணில் விழுகிறது.

இந்தக் காற்று மனிதர்களை என்ன செய்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே பேசப் போவது, அதே காற்றை நாள் முழுக்க ஃபேன் வைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி. மீனவர் சங்கம், ரேஷன் கடை, ஜெராக்ஸ் கடை என்று பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இன்னும் ஓடும் இடங்கள் நிறைய. திடீரென்று திரை உறைந்து நிற்கும். நீலத் திரை வரும். அல்லது தானே அணைந்து எழும். வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் போடுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை.

வடசென்னை சங்கதி நமக்கு எதற்கு என்று தஞ்சாவூர்க்காரரோ தர்மபுரிக்காரரோ கேட்கலாம். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் உரக் கிடங்கின் சுவரை ஒட்டிய அறையில்தான். யூரியா மூட்டை ஏன் கட்டி பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றின் ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தொட்டாலே யூரியா ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். கடல் உப்புக்கு அந்த அளவு ஏறக்குறைய 75. ஆக, எண்ணூரில் உப்பும் சாம்பலும் செய்கிற வேலையை உள்ளூரில் உரத் தூசி செய்கிறது. மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை அருகே இருந்தால் அம்மோனியாவும் சேரும். அது செம்பை அரிக்கும். கம்ப்யூட்டரின் உள்ளே ஓடும் தடங்கள் எல்லாம் செம்புதான்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று அந்தப் பெட்டி நின்றால் பதிவாகாமல் போவது விவசாயியின் பெயர். அதனால் பழுது பார்க்கும் முன் முதல் வேலை, கணக்குகளைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுப்பது. முடிந்தால் இரண்டு நகல். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தேதி, மணி, என்ன வேலை நடந்தது, போட்டு எத்தனை நிமிடம் ஆனது, அந்த நேரம் மோட்டாரோ ஃபிரிட்ஜோ ஓடியதா என்று எழுத வேண்டும். இலை மஞ்சளானதும் யூரியா வீசுகிறவர்கள் உண்டு. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை; குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. எங்கே, எப்போது என்று பார்த்தால்தான் மருந்து பிடிபடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரு வாரம் எழுதினால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

காலையில் போட்டதும் தகராறு செய்து, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒழுங்காகிவிட்டால் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுக்க உப்புத் தூசி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பெட்டி சூடானதும் அது காய்ந்துவிடும். இதற்கு வைத்தியம் எளிது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிக்க வேண்டும். மூடியைக் கழற்றி, ராம் பட்டையை இரு பக்கக் கொக்கிகளையும் தள்ளி எடுக்க வேண்டும். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக, பெட்டியின் இரும்புச் சட்டத்தை முதலில் தொட்டுக்கொள்வது நல்லது. பட்டையின் விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் மெதுவான வெள்ளை ரப்பரால் அவற்றை லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்தினால் போதும். வடசென்னையோ வயல்காடோ, பல பெட்டிகள் இந்த ஒரு வேலையிலேயே பிழைத்துக்கொள்கின்றன. பேனா மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே எடுத்துவிடும். வாயால் ஊதவும் கூடாது. எச்சில் ஈரம் தெறித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

மூடி திறந்திருக்கும்போதே மதர்போர்டில் சின்ன டப்பா போல நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, காலையில் மூன்று நான்கு முறை போட்ட பிறகே எழும் நோய்க்குக் காரணம் அதுதான். 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தக் குறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 2005இல் டெல் நிறுவனம் தன் பழுதான பெட்டிகளுக்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டி வந்தது. சாலிடரிங் தெரிந்தவர் இதை மாற்றிக் கொடுப்பார். ஆனால் பலகையின் தடங்களில் பச்சைக் களிம்போ கறுப்புப் படலமோ படர்ந்திருந்தால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் நின்றால் சூடு. ஹீட் சிங்க் எனும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போல அடைத்திருக்கும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இதைப் பழுது என்று சொல்வதைவிடப் பாதுகாப்பு என்று சொல்லலாம். பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை எடுக்கலாம். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுழன்றால் ஃபேன் கெடும். பிராசசர் மேல் தடவியிருக்கும் பசை பத்து வருடத்தில் காய்ந்து பொருக்காகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைத்தால் போதும். நிறைய வைத்தால் நல்லது என்பது தவறான எண்ணம். சாமி படத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே மாட்டி, தினமும் ஊதுபத்தி ஏற்றும் அலுவலகங்களும் இருக்கின்றன. அந்தப் புகை மொத்தமும் பிசுக்காக இந்தத் தகடுகளில்தான் போய் ஒட்டுகிறது.

மோட்டார் ஓடும்போதோ வெல்டிங் நடக்கும்போதோ நின்றால் மின்சாரக் கோளாறு. நாற்பத்தொன்று என்ற எண்ணுடன் 'கெர்னல் பவர்' பிழை பதிவாகியிருக்கிறது என்று மெக்கானிக் காட்டக்கூடும். முறையாக அணைக்காமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது. மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக் கம்பி 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். இதற்கு வெளியே போனால் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மாற்றிவிடுங்கள். அதைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், உயிர் போகும் விஷயம். யூ.பி.எஸ் பேட்டரியின் வயதையும், எர்த் இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பது நல்லது.

நோட்டில் எந்த ஒழுங்குமே தெரியவில்லையா? அப்போது ராம் மேல் சந்தேகம் வர வேண்டும். கூகுளின் கணினிக் கூடங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நூறு ராம் பட்டைகளில் எட்டுக்கு மேல் ஓர் ஆண்டில் ஒரு முறையாவது பிழை செய்தன. இரண்டு பட்டை இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள், பிறகு மற்றதை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். எது குற்றவாளி என்று செலவில்லாமல் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ராம், எஸ்.எம்.பி.எஸ், விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் குணமானது என்று யாருக்கும் தெரியாது. மூன்றுக்கும் பணம் போயிருக்கும்.

நிற்பதற்கு முன் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகி, உள்ளே 'டிக் டிக்' என்று ஓசை கேட்டால் ஹார்டு டிஸ்க் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அங்கே வைத்தியம் பார்க்க நேரமில்லை. ஃபைல்களை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போனால் அது வேறு கதை: மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறினால் அரசு இணையதளங்கள் திறக்காது, ரசீதிலும் தப்பான தேதி விழும்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டிக்கு இவை எதுவும் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்ததை ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. போடாமல் விட்டால் ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை மீட்க வாய்ப்பு மிச்சமிருக்கும்.

பழைய மாடலுக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். கழற்றிய ராம் பட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர் 2, 3, 4 மூன்றுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் பொருந்தாது. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.