ஏறிவிடலாம்... இறங்கும் வழி எது? குரங்கணி மலை சொல்லும் பாடம்!

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மலை என்பது ஜன்னலைத் திறந்தாலே தெரியும் சங்கதி. போடியில் நின்றால் குரங்கணி, கொழுக்குமலை. கம்பம், சின்னமனூர் பக்கம் போனால் சுருளி, மேகமலை. வெளியூர்க்காரர்களுக்கோ இதுதான் 'வீக் எண்ட் ட்ரெக்கிங்'. வருகிறவர்களில் பலர் முதல்முறையாக மலையில் கால் வைப்பவர்கள்.

அப்படிப்பட்டவர்களை எந்தப் பாதையில், எவ்வளவு உயரம் வரை கூட்டிப்போகலாம்? இந்தக் கேள்வியை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதை, 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் எரிந்த காடு காட்டிவிட்டது.

தேயிலைக்குக் கிடைத்த மூன்று படிகள்

குரங்கணியிலிருந்து மேலே ஏறினால் வரும் ஊர்களின் பெயர்களே சுவாரஸ்யமானவை. நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், டாப் ஸ்டேஷன். இவை பஸ் ஸ்டாண்டும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. நூறு வருடங்களுக்கு முந்தைய ரோப்வே விட்டுச்சென்ற பெயர்கள்.

மூணாறில் விளைந்த தேயிலை, குண்டளவேலி ரயில் மூலம் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே, கொட்டகுடி அருகே இருந்த 'பாட்டம் ஸ்டேஷனு'க்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் சுமார் 15 கிலோமீட்டர் பயணித்து போடிநாயக்கனூர் சேரும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

தேயிலைப் பெட்டி பத்திரமாக இறங்குவதற்கே மேல், நடு, கீழ் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாமா?

பனிமலையில் எப்படி?

இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள், பனிச்சறுக்கு மையங்களை அமைப்பவர்கள். உத்தரகாண்டில் உள்ள அவுலி, காஷ்மீரில் உள்ள குல்மார்க் போன்ற இடங்களில் சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடுவது லிஃப்ட். ஆனால், லிஃப்ட் ஏற்றிவிட மட்டும்தான் செய்யும். இறங்குவது அவரவர் பாடு!

அதனால் புதியவர்களுக்கான லிஃப்ட்டைத் தாழ்வான, சாய்வு குறைந்த சரிவோடு நிறுத்திவிடுவார்கள். அது பழகியபின் அடுத்த லிஃப்ட், கொஞ்சம் கூடுதல் சரிவு. பாதைகளுக்கு நிறமும் உண்டு. ஐரோப்பாவில் பச்சை என்றால் தொடக்கநிலை, அடுத்து நீலம், சிவப்பு. கறுப்பு என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். நல்ல திட்டம் என்றால், உயரமான லிஃப்ட்டின் உச்சியிலிருந்தும் சுலபமாக இறங்க ஒரு வழி இருக்க வேண்டும். தெரியாமல் ஏறிவிட்டவர் அங்கேயே மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா?

ஜீப் என்கிற லிஃப்ட்

தேனி மலைகளில் பனி இல்லை. ஆனால், 'லிஃப்ட்' உண்டு. அதுதான் ஜீப்! கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வாகனத்தில் போக கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். ஜீப்பில் குலுங்கிக்கொண்டே 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். வியர்வையே வராமல் உச்சிக்குப் போனவருக்கு, அங்கிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்குவது சுலபம் என்று தோன்றும்.

உண்மை அப்படியில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று இளைப்பாறலாம். இறங்கும்போது உடல் எடை முழுக்க முழங்காலில் விழும். தொடை நடுங்கத் தொடங்கினால் கால் வழுக்கும். பழக்கம் இல்லாதவரின் வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2018 மார்ச் 11-ல் தீயில் சிக்கியவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான், அவர்கள் போனது வேறு பாதை என்று வனத்துறை தரப்பில் அப்போது சொல்லப்பட்டது.

கோடையின் தொடக்கம். சரிவு முழுக்கக் காய்ந்த புல். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். சாய்வு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வல்லுநர்களின் பொதுக்கணக்கு. மனிதனின் வேகமோ மேல்நோக்கி ஓடும்போது குறையும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சிதறி ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் சிக்கினார்கள். முதலில் ஓடிவந்து உதவியவர்கள் உள்ளூர் மக்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனாலும் சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. பனிமலையின் நிறக்கணக்கு போலத்தான்! 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. தேனியின் குரங்கணி - சாம்பலாறு, சின்ன சுருளி - தென்றல் பாதைகளும் அதில் உண்டு. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகள் மூடல் என்று பல ஏற்பாடுகள்.

முதல்முறை போகிறீர்களா?

* உச்சியிலிருந்து தொடங்காதீர்கள். சுருளி அருவி, கும்பக்கரை போன்ற இடங்களில் நடந்து பழகிவிட்டு, 'எளிது' வகைப் பாதைக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை போனபின் 'நடுத்தரம்'.

* நேரத்தைக் கணக்கிடுங்கள். 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 1 மணி நேரம். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இது. 6 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் 2 மணி 12 நிமிடம். இது பழகியவர்களுக்கு. புதியவர்கள் இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது.

* குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

* பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்ப வழி என்ன என்று கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பயணமே வேண்டாம்.

* அனுமதி வாங்கிய பாதையை விட்டு விலகாதீர்கள். ஆபத்து என்றால் தேடி வருபவர்கள் அந்தப் பாதையில்தான் தேடுவார்கள்.

உச்சியில் எடுக்கும் செல்ஃபியோடு மலைப்பயணம் முடிந்துவிடுவதில்லை. போன அத்தனை பேரும் அடிவாரத்தில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் முடிகிறது. மலை எங்கும் போகாது. இந்த வருடம் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றால், அடுத்த வருடம் டாப் ஸ்டேஷன்!