பழைய ஆம்னி இழுக்க மாட்டேங்குதா? கார்புரேட்டரை மாற்றும் முன் பெட்ரோல் டேங்க்கைப் பாருங்க!

காலையில் நாலு தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. அஞ்சு கிலோமீட்டர் ஓடியதும் குலுங்குகிறது. மேடு வந்தால் இழுப்பதில்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், ‘கார்புரேட்டர் அடைச்சிருக்கு சார்’ என்று கழற்றிச் சுத்தம் செய்து தருகிறார்கள். பத்து நாள் ஜோராக ஓடும். அப்புறம் பழையபடி மக்கர். அடுத்த தடவை போனால், ‘கார்புரேட்டரையே மாத்திடலாம்’ என்பார்கள்.

பழைய மாருதி ஆம்னி வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கதை தெரியும். ஆனால் அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அந்தக் குப்பை எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது வருவது பெட்ரோல் டேங்க்கில் இருந்து. டேங்க்கில் துரு இருக்கும்வரை எத்தனை கார்புரேட்டர் மாற்றினாலும் காசுதான் வீண்.

1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆன இந்த வண்டி, 2019 வரை தயாரிப்பில் இருந்தது. ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், கேட்டரிங் வண்டி, குடும்ப வண்டி எனப் பல அவதாரம் எடுத்தது. ஆரம்பகால வண்டிகளில் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். பெட்ரோல் கொடுப்பது கார்புரேட்டர். சட்டப்படி ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்ய 50 வயது தாண்ட வேண்டும் என்பதால், ஆம்னிக்கு இன்னும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆசைக்காக இதைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

துரு எப்படி வருகிறது?

ஆம்னியின் பெட்ரோல் டேங்க் இரும்புத் தகடு. பாதி காலியாக இருக்கும் டேங்க்கின் மீதி இடத்தில் காற்று இருக்கும். இரவில் தகடு குளிரும்போது, அந்தக் காற்றில் உள்ள ஈரம் உள்பக்கத்தில் துளித்துளியாகப் படியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கிவிடும். அங்கேதான் துரு ஆரம்பிக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இதனால்தான் ஆபத்து அதிகம்.

கேஸுக்கு மாற்றிய ஆம்னிகளில் இன்னொரு சிக்கல். ஓடுவதெல்லாம் கேஸில்தான் என்பதால் டேங்க்கில் கொஞ்சம் பெட்ரோல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது கெட்டுப்போய் பிசின் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாற்றும்போதுதான் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்க்கில் பல வருடமாக ஒட்டியிருக்கும் பிசினையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது.

அறிகுறி சொல்லும் சேதி

* ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிங் நிற்கவில்லை: ஐடிலிங்குக்கான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம்.
* ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி திணறுகிறது: கார்புரேட்டரில் உள்ள ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் போயிருக்கலாம்.
* மேட்டிலும் வேகத்திலும் இழுக்கவில்லை: ஃபில்டர், மெயின் ஜெட் அல்லது ஃப்யூயல் பம்ப்பைப் பாருங்க.
* பெட்ரோல் வழிகிறது, வாடை அடிக்கிறது: நீடில் வால்வில் தூசியோ துருவோ சிக்கியிருக்கலாம்.
* கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகிறது, பிறகு ஓடுகிறது: டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. இதற்குக் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

இரண்டு எளிய சோதனைகள்

முதலாவது, ஃபில்டர் சோதனை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் மாதிரியான புது ஃபில்டரை மாட்டுங்க. நூறு கிலோமீட்டருக்குள் அது காவி நிறமாகிவிட்டால் குற்றவாளி டேங்க்தான். பல நூறு கிலோமீட்டர் ஓடியும் சுத்தமாக இருந்தால், கார்புரேட்டர், பம்ப் பக்கம் போகலாம்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. திறந்தவெளியில் வைத்து, மெக்கானிக் உதவியோடு டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்க. அடியில் காவித் தூள் படிந்தால் துரு. தனி அடுக்காக ஏதாவது நின்றால் தண்ணீர்.

டேங்க்கைச் சுத்தம் செய்வது எப்படி?

துரு உறுதியானால் டேங்க்கைக் கழற்றத்தான் வேண்டும். வண்டியில் இருந்தபடியே பெட்ரோலை ஊற்றி அலசுவது கண் துடைப்பு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவையையும் எடுத்துவிட வேண்டும். பெட்ரோலை வடித்த பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். பிசின் போகாவிட்டால் அடுத்து ஊற்றும் கரைசல் துருவைத் தொடவே தொடாது.

துருவை எடுக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் போதும். லிட்டருக்கு சுமார் 100 கிராம் வீதம் கரைத்து, டேங்க் நிரம்ப ஊற்றி ஒருநாள் விடலாம். மேல்பக்கத்திலும் துரு இருக்கும் என்பதால்தான் நிரம்ப ஊற்றச் சொல்கிறோம். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்து உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்தில் புதுத்துரு பிடித்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது துருவோடு தகட்டையும் அரித்துவிடும்.

துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் டேங்க்கை மாற்றுவதே நல்லது. பெட்ரோல் இருந்த டேங்க்குக்கு வெல்டிங் வைப்பது வெடிகுண்டில் நெருப்பு வைப்பதற்குச் சமம். டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும்.

ஹோஸ், பம்ப், கார்புரேட்டர்

டேங்க் சுத்தமானதும் இரும்புக் குழாய்களைக் காற்றடித்து ஊதி, எல்லா ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்க. புது கிளிப், புது ஃபில்டர். ஃப்யூயல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ வண்டியை ஓட்டாதீங்க.

கார்புரேட்டர் கடைசியில்தான். கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மிக்ஸர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது முக்கியம். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்த விடாதீங்க. ஜெட் பித்தளை, அதன் துளை மிகத் துல்லியமான அளவில் போடப்பட்டது. கீறல் விழுந்தாலே பெட்ரோல் கூடுதலாகப் போய் மைலேஜ் அடிவாங்கும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். நீடில் வால்வு, கேஸ்கட் எல்லாம் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டாலே பெரும்பாலான கார்புரேட்டர்கள் பிழைத்துக்கொள்ளும்.

வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம்

ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். அங்கே பெட்ரோல் கசிந்தால், டிரைவரும் பக்கத்தில் இருப்பவரும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வண்டியென்றால் வாடை இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடக் கூடாது. வாடை வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்க. மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க. ஒரு சின்ன பவுடர் தீயணைப்பான் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மறுபடி வராமல் இருக்க

வண்டி சும்மா நிற்கும் என்றால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்க. ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. வாரம் ஒருமுறை நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வருவது நல்லது. பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரையும் காலி செய்துவிடுங்க. கேஸில் ஓடும் வண்டியைக்கூட அவ்வப்போது பெட்ரோலில் ஓட்டுங்க.

அடுத்த தடவை, ‘கார்புரேட்டரை மாத்திடலாம் சார்’ என்று சொன்னால், ‘டேங்க்கைத் திறந்து பாத்தீங்களாண்ணே?’ என்று முதலில் கேளுங்க. அந்த ஒரு கேள்வி உங்கள் பர்ஸைக் காப்பாற்றலாம்.