சைபர்பங்க் – 9: பகடையாட்டப் புத்தகத்தை அள்ளிச் சென்ற அதிகாரிகள்

சைபர்பங்க் அறிவியல் கதைகளில் நியான் விளக்கும் ஓயாத மழையும் ஒப்பனைதான். எந்திரமும் தகவலும் யார் பிடியில் என்ற சண்டை இருந்தால்தான் அது சைபர்பங்க் என்பது என் கட்சி. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் இசை என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால், 1990-ல் டெக்சாஸில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவனை அது விடவே இல்லை.

ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்றொரு சிறு நிறுவனம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டங்களுக்கு விதிப்புத்தகம் போடுகிறவர்கள். 1990 மார்ச் 1 காலையில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அங்கே நுழைந்தது. அதிபருக்குக் காவல் நிற்கும் அதே துறைதான். கம்ப்யூட்டர் மோசடிகளைத் துப்பறிவதும் அதன் பொறுப்பு. கம்ப்யூட்டர்களையும் டிஸ்க்குகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றோடு போனது, அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற விதிப்புத்தகம். வலைக்குள் மூளையோடு நுழையும் கதாபாத்திரத்துக்கு மூன்று பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பது போன்ற சங்கதிகள் கொண்ட புத்தகம் அது.

மறுநாள் கோப்புகளையாவது வாங்கிவரலாம் என்று நிறுவனத்தின் உரிமையாளர் ஸ்டீவ் ஜாக்சன் சீக்ரெட் சர்வீஸ் அலுவலகத்துக்குப் போனார். 'இது கம்ப்யூட்டர் குற்றத்துக்கான கையேடு' என்கிற ரீதியில் பதில் வந்தது. எதிர்காலத்தைப் பற்றிய கற்பனை என்று அவர் எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. சைபர்பங்க்குக்கு முகவரி தந்த 'நியூரோமான்சர்' எழுதிய வில்லியம் கிப்சன் அந்த நாவலை ஒரு பழைய டைப்ரைட்டரில் அடித்தவர்; அப்போது அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. அப்படிப் பிறந்த ஓர் உலகத்தைச் சில ஆண்டுகளுக்குள் அரசாங்கமே நிஜம் என்று நம்பிவிட்டது.

உண்மையில் அவர்கள் தேடி வந்தது புத்தகத்தை அல்ல. அதை எழுதிய லாய்டு பிளாங்கன்ஷிப் அங்கே ஊழியர். வீட்டிலிருந்து, தொலைபேசி வழியே கம்ப்யூட்டரை இணைத்துச் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஒரு மின் அறிவிப்புப் பலகையும் நடத்திவந்தார். பெல்சௌத் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழைந்து, 911 அவசர அழைப்பு முறையின் நிர்வாகம் பற்றிய ஓர் ஆவணத்தை நகலெடுத்திருந்தார்கள். அது 'ஃபிராக்' என்ற மின்னிதழில் வந்தது. அந்த இதழ் இவருடைய பலகையிலும் கிடைத்தது. இதுதான் தொடர்பு. கடைசிவரை பிளாங்கன்ஷிப் மீது ஒரு வழக்கும் பதிவாகவில்லை.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி அந்த ஆவணத்தின் விலை. பெல்சௌத் சொன்ன மதிப்பு 79,449 டாலர். ஒரு சில பக்கங்களுக்கு! எப்படி வந்தது இந்தத் தொகை? எழுதியவரின் சம்பளம், மேலாளரின் சம்பளம், தட்டச்சுக் கூலி... இதுவரை சரி. அதற்குமேல், அதை அடித்த கம்ப்யூட்டருக்கு 31,000 டாலர். பிரின்டருக்கு 6,000. மென்பொருளுக்கு 22,000. ஒரு தோசைக்குக் கல்லின் விலை, அடுப்பின் விலை, கிரைண்டரின் விலை எல்லாம் சேர்த்து பில் போட்டது போல. இந்தக் கணக்கை நம்பித்தான் 'ஃபிராக்' நடத்திய கல்லூரி மாணவரைச் சிகாகோவில் கூண்டில் ஏற்றினார்கள். 1990 ஜூலையில் விசாரணை நடக்கும்போதே குட்டு உடைந்தது. அதே விவரங்கள் அடங்கிய வெளியீட்டைத் தொலைபேசித் துறையே வெளியாருக்கு விற்றுக்கொண்டிருந்தது. விலை, 13 டாலர். அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

சைபர்பங்க் என்றால் என்ன என்று கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் என்னிடம் இல்லை. தகவலுக்கு நினைத்த விலையை ஒட்டுகிற பெரிய நிறுவனம், அந்த ஒட்டுச்சீட்டை அப்படியே நம்பிக் கதவைத் தட்டுகிற அரசு, நடுவில் மாட்டிக்கொண்ட பகடையாட்டக்காரர்கள். நியான் வெளிச்சம் எங்கேயும் இல்லை. 'சைபர்பங்க் 2077' விளையாடுகிற தம்பிகள் இதைத் தேடிப் படிக்க வேண்டும். அதற்கு மூலமான மைக் பாண்ட்ஸ்மித்தின் ஆட்டமும் 1988-ல் வந்த பகடையாட்டம்தான்.

எடுத்துப்போன கம்ப்யூட்டர்கள் மாதக்கணக்கில் திரும்பவில்லை. ஜாக்சன் ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய வரைவுகளையும், ஆடிப்பார்க்கக் கொடுத்திருந்த பிரதிகளையும் வைத்துப் புத்தகத்தை மறுபடி கட்டினார்கள். அந்த ஆண்டே அது வெளிவந்தது, சீக்ரெட் சர்வீஸ் கைப்பற்றிய புத்தகம் இது என்ற அறிவிப்பை அட்டையிலேயே தாங்கி. பிறகு அவர் வழக்குப் போட்டார். 1993-ல் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ், பதிப்பாளரின் சரக்கையும் உரியவர்கள் இன்னும் படித்திராத மின்னஞ்சல்களையும் அள்ளியது சட்டமீறல் என்று தீர்ப்பளித்தார். 50,000 டாலருக்கு மேல் இழப்பீடு, வக்கீல் செலவு தனி. மின்னஞ்சலுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் அவ்வளவு ஆரம்பத்திலேயே சொன்னது ஒரு விளையாட்டுக் கம்பெனியின் பொருட்டு என்பது எனக்குத் தீராத சந்தோஷம்.

இந்த விவகாரம் முழுவதையும் 'தி ஹேக்கர் கிராக்டவுன்' என்ற புத்தகமாக 1992-ல் எழுதியவர் புரூஸ் ஸ்டெர்லிங். சைபர்பங்க் நாவலாசிரியர், அதே ஆஸ்டின்காரர். நாவலை ஒதுக்கிவைத்துவிட்டு நிருபராக அலைந்தார். மேலே சொன்ன விலைப்பட்டியலையும் அதில் விவரமாகக் கொடுத்திருக்கிறார். பின்னாளில் புத்தகத்தை இணையத்தில் யாரும் இலவசமாக நகலெடுக்கலாம் என்று விட்டுவிட்டார்.

ஜாக்சனின் வழக்குக்குத் துணைநின்றது, இத்தகைய சோதனைகளின் சூட்டில் 1990-ல் பிறந்த எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ, கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பாடலாசிரியர்.

இசை அடுத்த வாரம். 'பிளேடு ரன்னர்' 1982-ல் திரைக்கு வந்தது. வாங்கெலிஸ் அதற்கு வாசித்த இசை முறையான ஆல்பமாக வர 1994 ஆயிற்று. அதுவரை கடையில் கிடைத்தது வேறோர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பதிப்பு. அசலைக் கேட்க ஆசைப்பட்ட ரசிகர்கள் கள்ளப்பதிவுகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து ஆரம்பிப்போம்.