அலை ஒரு சரக்கா?

பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் கணக்கில் ஏறுவது 7 ரூபாய் 47 காசு. பிடித்தம் போன 2 ரூபாய் 53 காசில் ஒரு ரூபாய் நிறுவனத்தின் செயல்முறைக் கட்டணம். 1 ரூபாய் 53 காசு ஜிஎஸ்டி. வரி 18 சதவீதம் என்றால் 1 ரூபாய் 80 காசு அல்லவா பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றும். கடையில் சொல்லும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பத்தை 1.18 ஆல் வகுத்தால் 8.47. அதுதான் சேவையின் விலை. அதில் 18 சதவீதம்தான் 1.53. இதே முறையில் 299 ரூபாய் பேக் ஒன்றில் சேவைக்கு 253 ரூபாய் 39 காசு, வரிக்கு 45 ரூபாய் 61 காசு. கொல்கத்தாவில் ஒரு கடையில் ரொக்கம் கொடுத்து ரீசார்ஜ் செய்தால், அந்த வரியில் சரிபாதி டெல்லிக்கு, மறுபாதி மேற்கு வங்க அரசுக்கு.

மாநில அரசுக்கு இந்தப் பாதி எளிதில் கிடைத்துவிடவில்லை. மின்காந்த அலை என்பது விற்கவும் வாங்கவும் கூடிய பொருளா என்ற இயற்பியல் கேள்வி, உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அந்த அலைகளோடு கொல்கத்தாவுக்கு நெடுநாள் உறவு உண்டு. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் அலையை அனுப்பி, சுவருக்கு அப்பால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் வைத்துக் காட்டியது 1890களில், இந்த நகரில்தான். வெறும் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளைக்கூட அவர் உருவாக்கிக் கையாண்டார். நூறாண்டு கழித்து, 1995 ஜூலை 31 அன்று, ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். மோடி டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் இணைப்பில் நடந்த அந்த உரையாடல்தான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு.

அழைப்புக்கு முன்பே வரி வந்துவிட்டது. 1994 ஜூலை 1 அன்று மத்திய அரசு சேவை வரியைத் தொடங்கியபோது அதில் அடங்கிய மூன்றே சேவைகளில் தொலைபேசியும் ஒன்று. விகிதம் 5 சதவீதம். வசூல் முழுவதும் மத்திய அரசுக்கு உரியது. சேவைக்கு வரி போட அன்றைய அரசியல் சாசனம் மாநிலங்களுக்கு அதிகாரம் தரவில்லை. சரக்கு விற்பனைக்கு மட்டுமே தந்திருந்தது. ஆகவே மாநிலங்கள் வேறு வழியில் வந்தன. சிம் கார்டு ஒரு சரக்கு, அதை இயக்கித் தருவதும் விற்பனையின் பகுதி, ஏன், குரலைச் சுமந்து போகும் அலையே ஒரு சரக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் நிறுவனங்கள் காசுக்குத் தருகின்றன என்று வாதிட்டன. விற்பனை வரி கேட்டு நோட்டீஸ்கள் போயின. 2002இல் கேரள உயர் நீதிமன்றம், சிம் கார்டை இயக்கித் தருவதற்கு விற்பனை வரி, சேவை வரி இரண்டும் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

மாநிலங்களின் வாதத்தை அசட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது. மின்சாரமும் கண்ணுக்குத் தெரியாததுதான். அதைச் சரக்கு என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கு ஒரு நியாயம், அலைக்கு வேறொரு நியாயமா?

வேறுபாடு இயற்பியலில் இருக்கிறது. மின்சாரத்தைக் கம்பி வழியே நம் வீட்டுக்குள் கொண்டுவந்து மீட்டரில் அளந்து தருகிறார்கள். நாம் எடுத்த யூனிட்டைப் பக்கத்து வீட்டார் எடுக்க முடியாது. செல்போன் கோபுரத்தின் ஆன்டெனாவில் எலெக்ட்ரான்கள் நொடிக்குப் பல கோடி முறை முன்னும் பின்னும் அலைகின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் 90 கோடி முறை. அதிலிருந்து கிளம்பும் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அது சுவர், மரம், டிராம், மனிதர் என்று எல்லாவற்றின் மீதும் விழுகிறது. நம் கைப்பேசிக்கு வந்து சேரும் சக்தி பல நேரங்களில் ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான். அதைச் சேர்த்துவைக்க முடியாது. இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. பேச்சு முடிந்ததும் மிச்சம் எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாம் பேசும்போது நம் குரலைக் கோபுரத்துக்குக் கொண்டுபோகும் அலையை உண்டாக்குவது நம் கைப்பேசி, நம் பேட்டரி. அந்த அலையை நிறுவனம் நமக்கு விற்றது என்று எப்படிச் சொல்வது?

2006 மார்ச் 2 அன்று பிஎஸ்என்எல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய ரூமா பால், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்து அங்கேயே நீதிபதியானவர். உடன்பட்டுத் தனித் தீர்ப்பு எழுதியவர் நம் தேவகோட்டையைச் சேர்ந்த ஏ.ஆர். லட்சுமணன். ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமை கைமாறியது என்று சொல்ல என்னென்ன தேவை என்று அவர் வகுத்த ஐந்து அடையாளங்களை வரி வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மின்காந்த அலை சரக்கு அல்ல, விற்பனை வரி கிடையாது என்பது தீர்ப்பு. சிம் கார்டு விஷயம் சற்று இழுத்தது. 2011இல் அதுவும் சேவையின் பகுதியே என்று முடிவானது.

இயற்பியலை இவ்வளவு கவனமாக உள்வாங்கிய தீர்ப்பைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்க்கலாம் என்பேன்.

நீதிமன்றத்தில் இழந்ததை மாநிலங்கள் சாசனத் திருத்தத்தின் மூலம் பெற்றன. ஜிஎஸ்டிக்கு வழிவகுத்த மாநில நிதியமைச்சர்கள் குழுவுக்கு நீண்ட காலம் தலைவராக இருந்தவர், ஜோதி பாசு அந்த முதல் அழைப்பில் பேசியபோது அவருடைய நிதியமைச்சராக இருந்த அசீம் தாஸ்குப்தா. பின்னாளில் அதே பொறுப்புக்கு வந்தவரும் மேற்கு வங்க நிதியமைச்சர்தான், அமித் மித்ரா. 2017 ஜூலை 1 முதல் 15 சதவீதச் சேவை வரி போய் 18 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சரக்கா சேவையா என்று பாராமல் பாதி மாநிலத்துக்கு.

இந்த 18 சதவீதம் எல்லோர் மீதும் ஒரே கனத்தில் விழவில்லை என்பது என் ஆதங்கம். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் தன் தொழிலுக்கான போஸ்ட்பெய்டு பில்லில் கட்டிய வரியைத் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ரிக்‌ஷா இழுப்பவருக்கோ வீட்டுவேலை செய்பவருக்கோ அந்த வழி இல்லை. பேக் போட்ட கையோடு வரி எவ்வளவு என்று தனியாகக் காட்டும் பில்லும் அவர்கள் கைக்கு வருவதில்லை. 299 என்று விளம்பரம் செய்யும் இடத்திலேயே 253.39, 45.61 என்று பிரித்துப் போடுவதில் என்ன சிரமம்?

எந்த மாநிலத்துக்கு அந்தப் பாதி என்பதையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. போஸ்ட்பெய்டுக்கு பில் முகவரி. பிரீபெய்டில் கடையில் பணம் கொடுத்தால் கடை இருக்கும் மாநிலம். நெட் பேங்கிங் போன்ற மின்னணு வழியில் நீங்களே கட்டினால், நிறுவனப் பதிவேட்டில் உள்ள உங்கள் முகவரியின் மாநிலம். கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்துகொண்டு சென்னை எண்ணை விடாமல் வைத்திருக்கும் தமிழர் ஒருவர், தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்தால் மேற்கு வங்கத்துக்கு வருமானம். வீட்டில் உட்கார்ந்து செயலியில் போட்டால் தமிழ்நாட்டுக்கு. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வங்காள இளைஞர், கொல்கத்தாவில் இருக்கும் அம்மாவின் எண்ணுக்குத் திருப்பூரிலேயே ஒரு கடையில் ரொக்கம் கொடுத்து 299 ரூபாய் பேக் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பேசுவது கொல்கத்தாவில், அலை பரவுவது கொல்கத்தாவில். மாநிலப் பங்கான 22 ரூபாய் 80 காசு சேர்வது தமிழ்நாட்டுக் கருவூலத்தில்.